நிலுவை: ஒன்று

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரிப் பதிவறையில் எனக்கு ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். நான் வேலையில் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறதாம். கேக் வெட்டினார்கள், ஒரு பேனா கொடுத்தார்கள். ஓய்வு பெற்றுப் போன எங்கள் பழைய மேற்பார்வையாளர் மிஸஸ் பிரிட்சர்ட் அம்மாளும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். "சாயங்காலம் ஐந்து மணிக்கு இந்தக் கட்டிடத்திலேயே சுத்தமாக இருக்கும் ஒரே மேசை கென்னுடையதுதான்" என்று பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். கென் என்பது நான்தான். கன்னியப்பன் என்ற பெயரைச் சொல்லிப் பார்த்து அவர்கள் நாக்கு களைத்துப்போனதால் முதல் வாரத்திலேயே கென் ஆனேன்.

அந்த அம்மாள் அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தார். அந்தச் சுத்தமான மேசைக்காக நான் பட்ட பாடு அவருக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து பேனாவைக் காட்டினேன். என் மகள் வசந்திக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், அதுவும் இந்த ஊர்க்காரர்களே மெச்சும் இழுவையோடு. "டாடி, இதுக்கு முன்னாடி நீங்க ஃபாக்டரியிலயா இருந்தீங்க? ஸ்கூல்ல கேட்டாங்க, அப்படித்தான் சொன்னேன்" என்று அந்த இங்கிலீஷில்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஃபாக்டரியாம்! காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறியில் பதினாலு வருஷம் உட்கார்ந்தவனைப் பார்த்து என் பெண்ணே கேட்கிறாள். அவளுக்கு உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன். நம் ஊரில் இதைப் படிப்பவர்களில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பீர்கள். பேனா ஆபீசில் கொடுத்தது, அதாலேயே எழுதுகிறேன்.

2

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சோற்றுக்கு வழியில்லாமல் நான் தறியை விடவில்லை. அறுபதுகளில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் நிற்காது. முகூர்த்த மாதம் வந்தால் பட்டு நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி வீட்டிலிருந்து ஆட்கள் வந்து, "கன்னியப்பா, எப்பப்பா குடுப்பே? சீக்கிரம் முடிப்பா" என்று கெஞ்சிக்கொண்டு நிற்பார்கள். கோர்வைப் புடவையில் எனக்குப் பெயர் இருந்தது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், இரண்டும் சேரும் இடத்தில் குறுக்கே ஓடும் ஊடை இழைகள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு வர வேண்டும். பிடித்து இழுத்தால் புடவை கிழியலாம், கோர்வை பிரியக் கூடாது. என் கோர்வை பிரிந்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் குழிக்குள் காலை இறக்கி உட்காருகிறவர் தறிக்காரர். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வலப்பக்கக் கரைக்கு ஊடை நூல் சுற்றிய நாடாவை எறிய வேண்டும். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் என் மனைவி சரோஜா. மாகறலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் தெருப் பெண்கள், "நாத்து நட்ட கைக்கு நாடா புடிக்க வருமா?" என்று அவளைக் கிண்டல் செய்தார்கள். ஆறு மாதத்தில் அவர்கள் வாயை மூட வைத்தாள். ஆனால் பக்கத்து இடம்தான் அவளுக்கு. குழிக்குள் இறங்குவது ஆண்பிள்ளை வேலை என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன், இப்போது ஒளித்து என்ன ஆகப்போகிறது.

பின் ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். எனக்கு நாற்காலியில் உட்கார வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு தறியில் இறங்கியவன் நான். என்னோடு படித்தவர்கள் தாலுகா ஆபீசிலும் பாங்கிலும் சட்டையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் பொழுதெல்லாம் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, தெருவில் போகிறவர்களின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் சாயங்காலம் தறியைவிட்டு எழுந்ததும் முகம் கழுவிக்கொண்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஓடினேன். லோயர் முடித்தேன், ஹையர் முடித்தேன். சீமைக்கு வேலை அனுமதிச் சீட்டு தருகிறார்கள் என்று யாரோ சொல்ல, விண்ணப்பம் போட்டேன். கிடைத்தும்விட்டது.

சரோஜாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "போங்க. ஆனா எங்களையும் கூப்பிட்டுக்கணும். தறியப் பத்திக் கவலைப்படாதீங்க, ஓடிக்கினு இருக்கும்" என்றாள். என் மாமன் மகன் ஏகாம்பரத்தைத் தறியில் உட்கார வைத்துவிட்டு, மூன்று வயது வசந்தியை முத்தமிட்டுவிட்டுக் கப்பல் ஏறினேன்.

3

லங்காஷயர் பக்கம் ஒரு ஆலை ஊருக்கு வந்து சேர்ந்தேன். வேலை தேடித் தரும் அரசாங்க ஆபீசில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் என் தாளைப் படித்தார். நெசவு என்ற இடத்தில் அவர் கண் நின்றுவிட்டது. டைப்ரைட்டிங் ஹையரை அவர் பார்க்கவே இல்லை. "பிரமாதம், திங்கட்கிழமையே பஞ்சாலையில் சேர்ந்துவிடலாம்" என்றார். எனக்கு ஆலை வேண்டாம் என்றேன். ஏன் என்றார். நான் குழியில் உட்கார்ந்து நெய்தவன், இயந்திரம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது நெசவு ஆகாது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். பதினாலு வருஷம் குழியில் வேலை செய்தேன் என்று நான் சொன்ன இங்கிலீஷுக்கு அந்த ஊரில் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவன் என்று பொருள். மனிதர் உடனே வேறு புத்தகத்தைப் புரட்டி, பக்கத்து ஊர்ச் சுரங்கத்துக்கு முகவரி எழுத ஆரம்பித்துவிட்டார். பட்டுக்காரனைக் கரி வெட்ட அனுப்பப் பார்த்தார் பாருங்கள்!

மூன்று வாரம் தினமும் போய் நின்றேன். நான்காவது வாரம் என் தொல்லை தாங்காமல் ஆஸ்பத்திரிப் பதிவறைக்கு அனுப்பினார். நோயாளிகளின் பழைய கோப்புகளைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை டைப் செய்து, அதை அடுக்கில் சேர்க்க வேண்டும். ஆறு மாதம் தற்காலிகம். என் வேலை அவர்களுக்குப் பிடித்திருந்தால் நிரந்தரம் செய்வார்கள். நிரந்தரம் என்ற கடிதம் கையில் இருந்தால்தான் மனைவி மகளை வரவழைக்கும் விண்ணப்பத்தை உருப்படியாகப் போட முடியும் என்று விசாரித்தவர்களெல்லாம் சொன்னார்கள். ஆக, அந்த ஆறு மாதத்தில்தான் என் குடும்பமே இருந்தது.

முதல் நாளே ஒரு கூத்து. நான் டைப் செய்ய ஆரம்பித்ததும் மேசைக்கு அடியில் என் கால் இரண்டும் மாறி மாறித் தரையை மிதிக்கின்றன. கை ஓடினால் கால் மிதிக்க வேண்டும், பதினாலு வருஷப் பழக்கம் அது. எதிர் மேசைப் பெண்ணின் டீக்கோப்பை குலுங்கியது. மிஸஸ் பிரிட்சர்ட் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்துவிட்டு, "மிஸ்டர் கென், சைக்கிள் விடுகிறீர்களா?" என்று கேட்டார். அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. காலை ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டு டைப் செய்யப் பழக ஒரு மாதம் ஆயிற்று.

ஆனால் விரல்? விரலில் என்னை அடித்துக்கொள்ள அங்கே ஆளில்லை. ஒரு நாள் மாடி வார்டில் ஒரு கிழவருக்கு அவசரம், பழைய கோப்பு வேண்டும், அவர் பெயரில் அட்டையே இல்லை என்று மூன்று பேர் தேடிக் கைவிட்டார்கள். நான் அந்த வரிசை அட்டைகளைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தள்ளிக்கொண்டு போனேன். ஓர் இடத்தில் அட்டை தடிமனாகப் பட்டது. இரண்டு அட்டைகள் பசையில் ஒட்டிக்கொண்டு ஒன்றாக இருந்தன. நகத்தால் பிரித்தேன், பின்னாலிருந்தது அந்தக் கிழவரின் அட்டை. ஜரிகை இழையில் இரட்டை விழுந்தால் இருட்டிலும் கண்டுபிடிக்கிற கை இது. அன்றிலிருந்து மிஸஸ் பிரிட்சர்ட் என்னிடம் பேசும்போது குரல் மாறிவிட்டது.

4

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தறியை வெறுமையாக விட்டு எழக் கூடாது. ஒரு புடவை சாயங்காலம் முடிந்தால், அடுத்த புடவையில் நாலு விரற்கடையாவது ஓட்டிவிட்டுத்தான் எழுந்திருப்போம். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகள், தீருகிற நேரத்திலும் முழுவதையும் அறுத்தெடுக்க மாட்டோம். வால் துண்டைத் தறியிலேயே விட்டு, அதன் ஒவ்வொரு இழையோடும் புதிய பாவின் இழையைப் பிணைப்போம். ஆயிரக்கணக்கான இழைகள். வாலையும் அறுத்துவிட்டால் எல்லா இழையையும் முதலிலிருந்து கோத்தாக வேண்டும், நாட்கணக்கில் வேலை கெடும். அதனால் ஒரு வீட்டில் தறி வெறுமையாக இருக்கிறது என்றால், ஒன்று சாவு, இல்லையென்றால் அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போகிறது என்று தெருவே முடிவு கட்டிவிடும்.

இந்த வழக்கத்தை நான் ஆபீசுக்கும் கொண்டுவந்துவிட்டேன். ஒவ்வொரு சாயங்காலமும் என் தட்டில் இருந்த கோப்புகளையெல்லாம் முடித்துவிட்டு, கடைசி ஒன்றுக்கு மட்டும் அட்டையை டைப் இயந்திரத்தில் செருகி, பெயரை டைப் செய்து, அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவேன். காலையில் வந்ததும் முதல் வேலை அதை முடிப்பது. யோசித்துச் செய்தது இல்லை. கை தானாகச் செய்தது, மனசுக்கும் நிம்மதியாக இருந்தது.

தினமும் வீட்டுக்குப் போகுமுன் ஒரு சீட்டு எழுதி வைக்க வேண்டும். வந்தவை எத்தனை, முடிந்தவை எத்தனை, நிலுவை எத்தனை. பொய் எழுத எனக்கு வராது. நிலுவை: ஒன்று என்று எழுதுவேன். மறுநாளும் ஒன்று, அதற்கு மறுநாளும் ஒன்று. இப்படியே ஐந்து மாதம்.

இந்தச் சீட்டெல்லாம் நிர்வாக ஆபீசுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அங்கே ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார் என்று தெரியாது. படித்திருக்கிறார் புண்ணியவான். என் பணியை நிரந்தரம் செய்வதைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் ஒரு கடிதம் வந்தது. "ஒரே ஒரு கோப்பு ஐந்து மாதமாக உங்களிடம் நிலுவையில் இருக்கிறது. அது யாருடையது, அதை ஏன் முடிக்கவில்லை என்று மூன்று வாரத்துக்குள் எழுத்தில் விளக்கவும். பிறகு குழு முன் ஆஜராகவும். அதுவரை உங்கள் பணி நிரந்தரம் நிறுத்தி வைக்கப்படுகிறது."

தினம் ஒரு புதுக் கோப்பு, அதை அவர்கள் ஒரே கோப்பு என்று நினைத்துவிட்டார்கள்! மிஸஸ் பிரிட்சர்ட் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன் கென், அந்த ஒன்றையும் முடித்துவிட்டால் என்ன? பத்து நிமிஷ வேலைதானே? இன்றைக்கு சைபர் என்று எழுதுங்கள், நானே போய்ப் பேசுகிறேன்" என்றார். நியாயமான பேச்சு. அன்று சாயங்காலம் முயன்றும் பார்த்தேன். கடைசி அட்டையை முடித்து எடுத்தேன். வெறும் இயந்திரத்தைப் பார்த்ததும் சரோஜாவுக்கும் குழந்தைக்கும் என்னவோ ஆகிவிடும் என்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. படித்தவன்தான், இருந்தும் பயந்தேன். மறுநாளைக்கென்று வந்திருந்த கோப்பு ஒன்றை எடுத்து, அட்டையைச் செருகி, பெயரை டைப் செய்துவிட்டு, நிலுவை: ஒன்று என்று எழுதினேன்.

அன்றைக்கே சரோஜாவுக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதிப் போட்டேன். வழக்கத்தை விட மனசு வரவில்லை, வேலை போனாலும் போகட்டும், ஊருக்கே திரும்பி வந்துவிடுகிறேன் என்றும் வீராப்பாக எழுதினேன்.

5

விளக்கக் கடிதம் இரண்டு பக்கம் எழுதினேன். தறி, பாவு, பிணைப்பது, நாலு விரற்கடை எல்லாம் அதில் உண்டு. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல இங்கிலீஷ் நான் எழுதியதில்லை, இப்போதும் அதில் எனக்குப் பெருமைதான்.

குழு கூடுவதற்கு இரண்டு நாள் முன்பு சரோஜாவின் பதில் வந்தது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், பேசுவது போலவே எழுதுவாள். நலம் விசாரிப்புக்குப் பிறகு இப்படி எழுதியிருந்தாள்:

"உங்களுக்கு இன்னா பைத்தியமா? தறியில பாவு விடறது அடுத்த பாவு பிணைக்கறதுக்கு. மிசின்ல அட்டைய விட்டா எதப் பிணைக்கப்போறீங்க? நான் இங்க தறிய அறுத்துட்டேன். வாலு கூட விடல, சுத்தமா அறுத்துட்டேன். நாங்க அங்க வர்றதா முடிவாயிடுச்சு, இனி வெறும் தறிதான். ஒண்ணும் குடி முழுவிப் போவல. நானும் கொழந்தையும் கல்லு மாதிரி நல்லா இருக்கோம். நீங்க அந்த ஒண்ணையும் முடிச்சுட்டு எங்களக் கூப்பிடற வழியப் பாருங்க."

படித்துவிட்டு ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். என் தறி போய்விட்டது. அதை அவள் கையாலேயே அறுத்துவிட்டாள். எனக்காக இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு, அங்கே வெறும் தறி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நான் இங்கே ஓர் அட்டையை வைத்துக்கொண்டு அழிச்சாட்டியம் செய்கிறேன். வெட்கமாக இருந்தது.

குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் இரண்டு பக்கத்தையும் உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "மிஸ்டர் கன்னியப்பன்" என்று ஆரம்பித்தார். என் பெயரை முழுதாகச் சொன்ன முதல் ஆள் அவர். "நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எங்களுக்குத் தறி தெரியாது, நிலுவைதான் தெரியும். திங்கட்கிழமை முதல் அது சைபர் ஆகுமா, ஆகாதா?"

எனக்காக வந்திருந்த மிஸஸ் பிரிட்சர்ட் குறுக்கே எழுந்து, "ஐந்து மாதத்தில் இவர் அட்டையில் ஒரு பிழை கிடையாது" என்றார். நான் சட்டைப்பையில் இருந்த கடிதத்தைத் தொட்டுக்கொண்டேன். "ஆகும்" என்றேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் கடைசி அட்டையை முடித்து எடுத்து, இயந்திரத்துக்கு உறை போட்டேன். நிலுவை என்ற இடத்தில் சைபர் எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது, பிறகு எழுதிவிட்டேன். அந்த வாரமே நிரந்தரக் கடிதம் வந்தது.

6

அதற்குப் பிறகும் அவர்களை வரவழைக்கும் விண்ணப்ப வேலைகள் நடந்து முடிய எட்டு மாதம் ஆயிற்று. கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவா என்பார்கள், கொடுத்தால் அதை மொழிபெயர்த்துக் கொண்டுவா என்பார்கள். ஒரு வழியாக சரோஜாவும் வசந்தியும் வந்து இறங்கினார்கள். லண்டனில் போய் அழைத்துக்கொண்டு வடக்கே ரயில் ஏறினேன். குழந்தைக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, ஆனாலும் சிறிது நேரத்தில் என் மடியில் படுத்துத் தூங்கிவிட்டது. எதிரில் ஒரு வெள்ளைக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"உன் லெட்டர் மட்டும் வரலைன்னா நான் தோத்துருப்பேன், சரோஜா. தறிய அறுக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று கேட்டேன்.

"யாரு அறுத்தது?" என்றாள்.

"நீதானே எழுதினே?"

"எழுதினேன். நீங்க முரண்டு புடிச்சிக்கினு உக்காந்திருந்தா நாங்க எப்ப வர்றது? வேலைய விட்டுட்டு வந்துடறேன்னு வேற எழுதறீங்க. அதான் அப்படிப் போட்டேன். தறிய யாருனா அறுப்பாங்களா? கிளம்பற அன்னிக்குக் கூட புதுப் பாவு பிணைச்சு, நாலு விரக்கடை ஓட்டிட்டு, என் தங்கச்சி வீட்டுக்காரர் கையில குடுத்துட்டுத்தான் வந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. நான் படியில் உட்கார்ந்து அழுதது எல்லாம் பொய்க்குத்தானா! "நாலு விரக்கடை யாரு ஓட்டினது? ஏகாம்பரமா?" என்றேன் முறைப்பாக.

"அவன் நீங்க போன ரெண்டாம் மாசமே ஆரணிக்குப் போயிட்டான்."

"அப்போ இத்தனை நாளா தறியில யாரு?"

"யாரு உக்காருவாங்க? நான்தான் எறங்கினேன். பக்கத்துல என் தங்கச்சி" என்றாள், ஏதோ கடைக்குப் போய் வந்ததைச் சொல்வது போல.

"முதலாளி ஒத்துக்கினாரா?"

"மொதப் புடவையப் பாத்துட்டு, 'ஏகாம்பரம் கை நல்லா வந்திருக்குதே'ன்னாரு. ரெண்டாவது குடுக்கும்போது நெசத்தச் சொன்னேன். கோர்வையப் புடிச்சு ரெண்டு இழு இழுத்துப் பாத்தாரு. 'யாரு நெய்ஞ்சா இன்னாமா, அடுத்த பாவு எடுத்துக்கினு போ'ன்னாரு."

"மொத்தம் எத்தன புடவை?"

"பதினொண்ணு."

நான் போனால் அந்த வீட்டில் நெசவு முடிந்தது என்று நினைத்திருந்தேன். மாகறல்காரி, பக்கத்தில் உட்கார்ந்து நாடா எறிந்தவள், குழிக்குள் இறங்கிப் பதினோரு கோர்வைப் புடவைகள் நெய்து முடித்திருக்கிறாள். எனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் எனக்கு ரோஷம் வரும், ஓடி வந்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

"அத விட்டுட்டு வந்துட்டியே" என்றேன்.

"நீங்க விட்டுட்டு வரலையா? அங்க ஆபீசுல பொம்பளைங்களுக்கு வேல குடுப்பாங்களா, அதச் சொல்லுங்க" என்றாள்.

நான் எதிரில் இருந்த வெள்ளைக்காரரின் பேப்பரை விரலால் தட்டினேன். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "இது என் மனைவி. பட்டு நெசவுக்காரி" என்றேன். "மிக்க மகிழ்ச்சி" என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். "இன்னா சொல்றீங்க அவருகிட்ட?" என்று சரோஜா என் கையைக் கிள்ளினாள். அப்போது டிக்கெட் பரிசோதகர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். மூன்று டிக்கெட்டையும் நீட்டி, அவரிடமும் சொன்னேன்.